பேரூராட்சியில் வீடு கட்ட அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் போன்ற சின்ன ஊர்களில் வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளை மனதில் வைத்து எழுதியவை. நகராட்சிக்கும் கிராம ஊராட்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு வேறு அலுவலகம், அங்கே நடைமுறையும் கொஞ்சம் மாறும்.

சின்ன ஊர்தானே, அப்ரூவல் கட்டாயமா?

கட்டாயம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. அவை மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாவற்றுக்கும் பொது. "எங்க தெருவில யாருமே வாங்கலையே" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்காரர் நாளைக்கு வங்கிக் கடனுக்குப் போனாலும், வீட்டை விற்கப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான். கட்டும்போது வாங்காத அனுமதியைக் கட்டிய பிறகு வாங்குவது பெரிய அலைச்சல். விதிப்படி இடம் விடாமல் கட்டியிருந்தால் வாங்கவே முடியாமலும் போகும்.

எதற்கெல்லாம் அனுமதி வேண்டாம்?

பூச்சு வேலை, வெள்ளையடிப்பது, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, உடைந்த கூரை ஓடுகளை மாற்றிப் போடுவது, கதவு ஜன்னல் பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு வேண்டாம். ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் தளம் போட்டு வீடு எழுப்புவது பழுது பார்ப்பதில் சேராது, அது புது வீடு. மாடியில் ஒரே ஒரு ரூம் எடுத்தாலும் அனுமதி வேண்டும்.

முதலில் எங்கே போக வேண்டும்? பேரூராட்சி ஆபீசுக்கா, இன்ஜினியரிடமா?

இரண்டும் இல்லை. முதலில் உங்கள் மனைக்குப் போங்கள், கையில் டேப் எடுத்துக்கொண்டு.

இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், பாதிப் பேர் கேட்பதில்லை. நாட்கணக்கில் இழுக்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பிளானில் உள்ள குறையால் நிற்பதில்லை. நிலக் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் நிற்கின்றன. பத்திரத்தில் கிழமேல் 30 அடி, தென்வடல் 60 அடி, ஆக 1,800 சதுர அடி என்று இருக்கும். பட்டாவில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்திலும் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) அளவு மீட்டரில்தான். தரையில் போய் அளந்தால், பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வைத்தபோது ஒன்றரை அடி உள்ளே வந்திருப்பார். இப்போது உங்கள் மனை 28½ அடி அகலம், 1,710 சதுர அடி. வீட்டுக்குள் எந்த அறையை எங்கே வைப்பது என்பதெல்லாம் இந்த ஒன்றரை அடியைப் பொறுத்து மாறிவிடும். பத்திரத்தில் உள்ள 30 அடியை நம்பி பிளான் போட்டால், கடைக்கால் தோண்ட நூல் பிடிக்கும் அன்று மேஸ்திரிதான் கண்டுபிடிப்பார். அதற்குள் அனுமதி வந்திருக்கும், ஜல்லியும் மணலும் வந்து இறங்கியிருக்கும்.

அதனால் வரிசை இது. பட்டா, புலப்படம் இரண்டையும் அரசின் இ-சேவைத் தளத்திலிருந்து எடுங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. நான்கு பக்கமும் அளந்து, 1 மீட்டருக்கு 3.28 அடி என்று கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். பரப்பைச் சரிபார்க்க இன்னொரு கணக்கு: 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. எல்லைக் கல் காணாமல் போயிருந்தாலோ அளவு ஒத்து வராவிட்டாலோ, கட்டணம் கட்டி அரசு சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடச் சொல்லுங்கள். பக்கத்து மனைக்காரரும் கூட இருக்கும்போது அளப்பது நல்லது. வீடு எழும்பிய பிறகு வரும் சண்டையை விட, காலிமனையில் நின்று பேசும் பேச்சு எவ்வளவோ மேல்.

என்னென்ன ஆவணங்கள் எடுத்து வைக்க வேண்டும்?

உங்கள் பெயரில் பதிவான பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனைப்பிரிவாக இருந்தால் அதன் அங்கீகார வரைபடம், காலிமனை வரி ரசீது, ஆதார், மனையின் போட்டோ, பிறகு கட்டட வரைபடம். நகர நில அளவை முடிந்த ஊராக இருந்தால் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று மாறியிருக்கும். பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புது எண் என்றால் இரண்டும் ஒரே இடம்தான் என்பதைக் காட்டும் நில அளவைப் பதிவின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் இன்ஷியல் மாறியிருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பத்திரத்தில் 'கா. முருகேசன்', பட்டாவில் 'முருகேசன் த/பெ காளிமுத்து', ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டு என்று இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கூட்டுப் பட்டாதான் இருக்கிறது. பரவாயில்லையா?

அண்ணன் தம்பி பெயர்களோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவை வைத்து விண்ணப்பித்தால், மற்றவர்களின் சம்மதம் எங்கே என்ற கேள்வி வரும். பாகம் பிரித்துப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு மனுப் போட்டு, தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். காலம் பிடிக்கும் வேலை இது. வீடு கட்டும் எண்ணம் வந்தவுடனேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

மனை மாமனார் பெயரில் இருக்கிறது. நான் கட்டலாமா?

அனுமதி நிலத்துக்கு உரியவர் பெயரில்தான் வரும். அவரே விண்ணப்பிக்கலாம், ஆனால் வீடும் சட்டப்படி அவர் நிலத்தில் நிற்கும் வீடாகிவிடும். கடன் வாங்கிக் கட்டுவது நீங்கள் என்றால் முதலில் மனையை மாற்றிக்கொள்வது நல்லது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் உச்சவரம்பு உண்டு. அந்தச் சலுகைக்கான குடும்பம் என்ற வரையறையில் மகள் வருவார், மருமகன் வரமாட்டார். அதனால் மாமனார் தன் மகள் பெயருக்கு எழுதிவைத்து, உங்கள் மனைவி பெயரில் அனுமதி வாங்கி, இருவரும் சேர்ந்து கடன் எடுப்பதுதான் செலவு குறைந்த வழி.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பா எனக்காக விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், பவர் பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியரில் வந்த கவரை பீரோவில் வைத்து மறந்துவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. பவரில் 'கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்க, வரைபடத்தில் கையெழுத்திட, கட்டணம் செலுத்த' என்ற வாசகங்கள் தெளிவாக இருக்கட்டும். அப்பாவுக்கு விற்கும் அதிகாரம் கொடுக்கத் தேவையில்லை.

'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று சொல்லி விற்றார்கள். அது செல்லுமா?

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஊராட்சித் தலைவர் சீல் வைத்துக் கொடுத்த வரைபடம் மட்டும் இருந்தால், அது அங்கீகரிக்கப்படாத மனை.

வரலாறு சுருக்கமாக இது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன்பே விற்றுப்போன லட்சக்கணக்கான மனைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக 2017இல் வரன்முறை விதிகள், அதாவது அந்த மனைகளை முறைப்படுத்தும் விதிகள், வந்தன. அந்த விதிகளுக்கு 2016 அக்டோபர் 20தான் எல்லைத் தேதி. அதற்கு முன் உருவான மனைப்பிரிவில், அதற்குள் பதிவான மனையாக இருந்தால் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த வழி உண்டு. வரன்முறை ஆணை கையில் இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது.

ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. நகையை விற்று, சீட்டுப் பணத்தைப் போட்டு வாங்கிய மனையாக இருக்கும். இனிமேல் வாங்கப் போகிறவர்களாவது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அங்கீகார எண்ணைக் கேட்டு, அந்த எண்ணுக்குரிய வரைபடத்தில் தங்கள் மனை எண் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத்தான் மனையாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். 8 மனைகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இருக்க வேண்டும்.

நத்தம் இடத்தில் கட்டலாமா? வயலில்?

கிராம நத்தம் குடியிருப்புக்கு என்றே விட்ட இடம், அதனால் மனைப்பிரிவு அங்கீகாரம் கேட்கமாட்டார்கள். நத்தம் பட்டாவும் உங்கள் அனுபவத்தைக் காட்டும் வரி ரசீதுகளும் முக்கியம்.

வயல் வேறு கதை. நன்செய் நிலத்தில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும், அதற்கு வேளாண்மைத் துறையின் கருத்தும் ஆட்சியரின் இசைவும் தேவை. 'சுற்றிலும் வீடு வந்துவிட்டது, நம்முடையது மட்டும்தானே வயல்' என்பது அனுமதி ஆகாது.

சுயசான்று முறை என்கிறார்களே, அது என்ன?

சின்ன வீடு கட்டுகிறவர்களுக்குச் சமீபத்தில் கிடைத்த பெரிய உதவி இது என்று நினைக்கிறேன். 2024 ஜூலையில் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடப் பரப்பு, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள். தொடங்கியபோது வகுத்த வரம்பு இது. குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும், கடைக்கு இல்லை. அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரங்களைப் பதிந்து, ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, 'விதிப்படிதான் கட்டுவேன்' என்று உறுதிமொழி கொடுத்து, கட்டணம் கட்டினால், கியூஆர் கோடுடன் அனுமதி உடனே கணினியிலிருந்தே வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணமும் கிடையாது. பணி முடிவுச் சான்றும் தேவையில்லை.

முன்பு ஆபீசில் ஒருவர் பார்த்து, 'இங்கே இடம் குறைகிறது' என்று திருப்பி அனுப்புவார். அந்தத் தடுப்பு இப்போது இல்லை. தவறான அளவைப் பதிந்தாலும் அனுமதி வந்துவிடும். பின்னால் சோதனையில் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், கட்டடத்தின் மீது நடவடிக்கையும் வரும். உறுதிமொழியில் இருப்பது உங்கள் கையெழுத்து. கம்ப்யூட்டர் சென்டர் பையன் அவசரத்தில் எதையோ பதிந்தான் என்று பிறகு சொல்ல முடியாது. சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் சர்வே எண், மனையின் நீள அகலம், தெருவின் அகலம் மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

7 மீட்டருக்குள் இரண்டு மாடி வருமா?

வரும், ஆனால் தாராளமாக இல்லை. 7 மீட்டர் என்பது ஏறக்குறைய 23 அடி. தெரு மட்டத்திலிருந்து 2 அடி பேஸ்மட்டம், தளத்தின் கனத்தையும் சேர்த்து ஒரு மாடிக்கு 10½ அடி என்று வைத்தால் கணக்கு சரியாக நிற்கும். மாடிப்படிக்கு மேலே வரும் அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவை இந்த உயரத்தில் சேராது. எங்கள் பக்கம் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகிறது என்று 4 அடி பேஸ்மட்டம் எடுக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அப்படியானால் உள்ளே உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சுயசான்றை விட்டுவிட்டு வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும்.

சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

முன்பக்கம் எவ்வளவு என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. சிறு தெருவில் 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி. பெரிய சாலை என்றால் கூடும். 7 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட வீட்டுக்குப் பக்கவாட்டில் 1 மீட்டர், அது ஒரு பக்கமா இரு பக்கமுமா என்பது மனையின் அகலத்தைப் பொறுத்தது. விட்ட இடத்தின் மேல் சன்ஷேடு கொஞ்சம் நீட்டலாம். தூண் நிறுத்தி மேலே ரூம் எடுக்கக் கூடாது. தளப் பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை போகலாம். ஆனால் சின்ன மனைகளில் இந்த இரண்டு மடங்கை எட்டுவதற்கு முன்பே பக்க இடமும் உயரமும் கட்டிப்போட்டுவிடும்.

'பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியே எழுப்பிவிடலாம், ஒரு மீட்டர் வீண்தானே' என்று கேட்கிறார்கள். அந்த ஒரு மீட்டரில்தான் உங்கள் படுக்கையறைக்குக் காற்று வருகிறது, செப்டிக் டேங்க் குழாய் போகிறது, வெளிச்சுவருக்குப் பூசவும் பெயின்ட் அடிக்கவும் ஆள் நிற்க முடிகிறது. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் ஈரம் இறங்கினால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

வாஸ்துப்படி பிளானை மாற்றினால்?

வாஸ்து பார்ப்பவராக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள், இதுதான் என் ஒரே வேண்டுகோள். உள்ளே சமையலறைக் கதவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றுவது பெரிய விஷயமில்லை. ஆனால் பூமி பூஜை முடிந்த பிறகு ஒருவர் வந்து 'மாடிப்படி தென்மேற்கில் வரணும்' என்று சொல்ல, படி, பக்கத்தில் காலியாக விட்ட இடத்துக்குள் வந்து நிற்கும். வெளி அளவும் பக்க இடமும் மாறினால் திருத்திய வரைபடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வங்கி மதிப்பீட்டாளர் ஒவ்வொரு கட்டமாகப் பணம் விடுவிக்க வரும்போது கையில் அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

சுயசான்று வரம்பைத் தாண்டினால் யார் அனுமதி தருவார்?

ஓரளவு வரையிலான வீடுகளுக்குப் பேரூராட்சிச் செயல் அலுவலரே தரலாம். அதற்கும் மேலான கட்டடங்கள் நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கோ உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கோ போகும். இவையும் இணையவழிதான். பதிவு பெற்ற பொறியாளர் வரைந்து கையெழுத்திட வேண்டும், ஆபீசிலிருந்து வந்து மனையைப் பார்ப்பார்கள்.

வேறு துறைகளிடம் தடையின்மைச் சான்று வேண்டுமா?

மனை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயிடம் கேட்க வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் ஓரம் என்றால் நீர்வளத் துறை. மலைப் பகுதிகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் தனி விதிகள்.

கோயில் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போல, 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். சாதாரண ஊர்க் கோயிலுக்கு இது பொருந்தாது. உங்கள் ஊர்க் கோயில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பது கோயில் வாசலில் உள்ள நீலப் பலகையிலேயே தெரியும்.

மழைநீர் சேகரிப்பு பேருக்குத்தானே?

2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் மொட்டை மாடியிலிருந்து குழாய் இறங்கி நேராகத் தெருவில் விடும், குழி வரைபடத்தில் மட்டும் இருக்கும். தயவுசெய்து உண்மையாகவே தோண்டுங்கள். ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழி, கட்டுகிற செலவில் மிகச் சிறிய பங்கு. போர்வெல் வைத்திருப்பவர்கள் கோடையில் அதன் பலனைக் கண்ணாரப் பார்ப்பார்கள். செப்டிக் டேங்கை மட்டும் போர்வெல்லுக்கும் இந்தக் குழிக்கும் தள்ளி, எதிர்ப்பக்கமாக வையுங்கள்.

எவ்வளவு செலவாகும்? மேற்கொண்டு பணம் கேட்டால்?

பேரூராட்சிகள் சிறப்புநிலை, தேர்வுநிலை, முதல்நிலை, இரண்டாம்நிலை என்று பிரிக்கப்பட்டவை. கட்டணமும் அதற்கேற்ப மாறும். இணையதளமே பரப்பை வைத்துக் கணக்கிட்டுக் காட்டிவிடும், கட்டுமானத் தொழிலாளர் நல நிதியும் அதில் சேர்ந்து வரும். வரைபடம் போட்ட பொறியாளருக்கு அவர் கூலி தனி.

இணையத்தில் காட்டும் தொகைக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், 'ஆபீசுக்குக் கொடுக்கணும்' என்று இடைத்தரகர் கேட்டாலும், கொடுக்காதீர்கள். விண்ணப்பம் நிற்கிறது என்றால் என்ன குறை என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நேரடியாக லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. காகிதம் எல்லாம் சரியாக வைத்திருப்பவருக்கு எதிர்த்துக் கேட்கும் தைரியம் தானாக வரும். பட்டா, அளவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அனுமதி வந்துவிட்டது. அப்புறம்?

அனுமதிக் கடிதத்தில் எத்தனை ஆண்டு செல்லும் என்று இருக்கும், குறித்து வையுங்கள். அனுமதியையும் வரைபடத்தையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கொடுங்கள். கட்டும் வரைக்கும் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் மாட்டிக்கொள்வது அவரும்தான். வீடு முடிந்ததும் அந்த இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மாற்ற மனுக் கொடுங்கள், இல்லாவிட்டால் குடியேறிய பிறகும் தற்காலிகக் கட்டணமே ஓடிக்கொண்டிருக்கும். பேரூராட்சியில் காலிமனை வரியை நிறுத்தி வீட்டு வரிக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த வரி எண் வந்த பிறகுதான் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியும்.